மரியாவின் வாழ்வு: ஹிண்டமித் இருமுறை எழுதிய பாடல்கள்

தம் இளமைப் படைப்பைக் கைவிட்ட இசையமைப்பாளர்கள் பலர். சிலர் எரித்தார்கள், சிலர் ஒளித்துவைத்தார்கள். பால் ஹிண்டமித் செய்தது வேறு. 1923இல் எழுதி முடித்த பதினைந்து பாடல்களை மீண்டும் கையில் எடுத்துப் பத்தாண்டுகளுக்கு மேல் திருத்தி, 1948இல் புதிய வடிவத்தை வெளியிட்டார். பழைய வடிவம் ஏன் போதாது என்று விளக்கும் நீண்ட முன்னுரை ஒன்றையும் அதனுடன் சேர்த்தார். சோப்ரானோ குரலுக்கும் பியானோவுக்குமான அந்தப் பாடல் தொடர் ‘தாஸ் மரியன்லேபன்’, அதாவது மரியாவின் வாழ்வு. கவிதைகள் ரைனர் மரியா ரில்கேயுடையவை; அவை அப்படியே இருந்தன, இசை மாறியது. ஒரே கவிதைகளை ஒரே மனிதர் இருபத்தேழு வயதிலும் ஐம்பதைக் கடந்த பிறகும் எப்படிக் கேட்டார் என்று பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு இசை வரலாற்றில் அரிது.

இரண்டில் எது மேல் என்பதே இதுவரை பெரிதும் பேசப்பட்ட கேள்வி. அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. மரியாவின் கதையைச் சொல்லும்போது இந்த இசை எங்கே நின்று சொல்கிறது? கதைக்கு உள்ளே, நடக்கப்போவது தெரியாதவளின் பக்கத்திலா? அல்லது கதை முடிந்த பிறகு, எல்லாவற்றின் பொருளும் விளங்கிய இடத்திலா?

ரில்கேயின் மரியா

ரில்கே இந்தக் கவிதைகளை எழுதியது 1912 ஜனவரியில், அட்ரியாட்டிக் கடலோரத்தில் உள்ள துயினோ கோட்டையில். கோட்டை இளவரசி மரி ஃபொன் துர்ன் உன்ட் டாக்ஸிஸுக்குச் சொந்தமானது. ரில்கேயின் பெயரை நிலைநிறுத்திய ‘துயினோ எலிஜிகள்’ தொடங்கியதும் அதே மாதத்தில், அதே இடத்தில்தான். மரியா கவிதைகளுக்கான விதை இன்னும் பழையது. வோர்ப்ஸ்வேடே ஓவியர் குடியிருப்பில் பழக்கமான ஹைன்ரிஷ் ஃபோகெலரின் படங்களோடு மரியாவைப் பற்றிய நூலொன்றைக் கொண்டுவரும் எண்ணம் பல ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. படங்களோடு நூல் வரவில்லை. 1913இல் இன்ஸெல் பதிப்பகம் கவிதைகளை மட்டும் வெளியிட்டபோது அது ஃபோகெலருக்குக் காணிக்கையாக்கப்பட்டிருந்தது.

ரில்கே பிராகாவில் பக்தி மிகுந்த தாயிடம் வளர்ந்தவர். பின்னர் திருச்சபைக் கிறிஸ்தவத்திலிருந்து வெகுதூரம் விலகியவர். இந்தத் தொகுப்பின் காட்சிகளைப் பெரும்பாலும் அவர் புதிதாகக் கற்பனை செய்யவில்லை. புனிதர் வரலாறுகள், ஆதோஸ் மலைத் துறவிகளின் ஓவியக் கையேடு, தித்சியானோ, தின்தொரெத்தோ ஆகியோரின் ஓவியங்கள் என மரபு தந்தவற்றையே எடுத்துக்கொண்டார். மரியாவின் பிறப்பு, கோவிலில் காணிக்கையாக்கப்படுதல், மங்கள வார்த்தை, எலிசபெத்தைச் சந்தித்தல், சூசையப்பரின் சந்தேகம், இடையர்களுக்கு நற்செய்தி, கிறிஸ்து பிறப்பு, எகிப்துக்குத் தப்பும் வழியில் இளைப்பாறல், கானாவூர்த் திருமணம், பாடுகளுக்கு முன், வியாகுலம், உயிர்த்தவரைச் சந்தித்தல், மூன்று பகுதிகளில் மரணம். ஆலயச் சுவர்களில் காலங்காலமாகக் காணும் வரிசைதான்.

ஆனால் ஒவ்வொரு காட்சியிலும் ரில்கே தேடிப் பிடிப்பது மனித மனம் தடுமாறும் கணத்தை. மங்கள வார்த்தையில் தூதன் வந்ததற்காக மரியா அஞ்சவில்லை. இருவர் பார்வையும் அவ்வளவு நெருக்கத்தில் சந்தித்துவிட்டதுதான் அச்சம். தூதனும் அவளோடு சேர்ந்து அஞ்சுகிறான். சூசையப்பர் முஷ்டியை மடக்கிக்கொண்டு நிற்கும் தச்சர். தான் பலகை இழைக்கும் அதே மரத்தில் தளிர் விடச் செய்பவனிடம் கணக்குக் கேட்கலாமா என்று தூதன் அதட்டிய பிறகே அவருக்கு உறைக்கிறது. பாடுகளுக்கு முன்னால் நிற்கும் மரியா மகனிடம் முறையிடுகிறாள்: இப்படியொரு முடிவுதான் வேண்டுமென்றால் பெண் வயிற்றில் வந்திருக்கக் கூடாது, மீட்பர்களை மலையிலிருந்து வெட்டி எடுக்க வேண்டும். தேவ அன்னை என்று உலகம் வணங்கும் ஒருத்தி, தனக்கு நேர்வது இன்னதென்று விளங்காமல், தன்னிலும் மிகப் பெரிதான ஒன்றின் அருகே வாழ்ந்து தீர்க்கிறாள். தொகுப்பின் உயிர் அங்கே இருக்கிறது.

1923: ஓபெரா குழியிலிருந்து வந்த இளைஞர்

ஹிண்டமித் 1895இல் ஃபிராங்க்ஃபர்ட்டை அடுத்த ஹனாவில் பிறந்தார். முதல் உலகப் போரில் தந்தையை இழந்தார். தாமும் போர்முனைக்குப் போய்வந்தார். ஃபிராங்க்ஃபர்ட் ஓபெராவின் இசைக்குழுவில் முதல் வயலின் கலைஞர். பின்னர் ‘அமார்’ நால்வர் குழுவில் வயோலா வாசித்தார். டோனாவெஷிங்கெனில் 1921இல் தொடங்கிய நவீன இசை விழாவில் அவர் பெயர் பரவியது. 1922இல் எழுதிய பியானோ தொகுப்பில் ஷிம்மி, ராக்டைம் போன்ற நடன இசையைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு மேடையேறிய ‘சாங்க்டா சுசான்னா’ என்ற ஓரங்க ஓபெரா, ஒரு கன்னியாஸ்திரியின் அடக்கிவைத்த காமத்தைப் பேசியதால் கத்தோலிக்கர்களின் எதிர்ப்பைச் சம்பாதித்தது.

அந்தச் சர்ச்சையின் சூடு ஆறுவதற்குள் அதே கை மரியாவின் வாழ்வை எழுதத் தொடங்கியது. 1922-23இல் உருவான இந்தத் தொடர், ஓபஸ் 27 என்ற எண்ணைப் பெற்றது. பாடகி பெயாட்ரீஸ் லாவர்-கோட்லரும் பியானோ கலைஞர் எம்மா லூப்பெக்கெ-யோபும் 1923இல் அதை முதன்முதலில் வழங்கினார்கள்.

ஜெர்மன் கலைப் பாடல் மரபில் அப்போது இரண்டு பாதைகள் தெரிந்தன. ஷூபர்ட்டிலிருந்து ஹூகோ வோல்ஃப் வரை வந்த பாதை, கவிதையின் ஒவ்வொரு உணர்ச்சிக்கும் பியானோவில் நிறம் தீட்டியது. ஆர்னோல்ட் ஷோன்பெர்க், ஸ்டெஃபான் கியோர்கேயின் கவிதைகளுக்கு எழுதிய ‘தொங்கும் தோட்டங்களின் நூல்’ 1910இல் வியன்னாவில் அரங்கேறியது. அதுவும் பதினைந்து பாடல்கள்தான். அதில் ஆதார ஸ்வரம் என்ற பிடிமானமே விடப்பட்டது. ஹிண்டமித் இரண்டு பாதையிலும் போகவில்லை. அவர் பாஹ் காலத்து முறைகளிடம் திரும்பினார். ஒரே அடித்தள மெட்டு திரும்பத் திரும்ப வர, அதன்மேல் புதிது புதிதாகக் கட்டப்படும் பாசகாலியா. ஒரு குரலை இன்னொரு குரல் துரத்தும் ஃபியூக். கருப்பொருளும் அதன் மாறுபாடுகளும். இவையெல்லாம் பாடலுக்குள் வந்தன.

கோவில் காணிக்கைப் பாடலை எடுத்துக்கொள்வோம். சிறுமி மரியா தூண்களுக்கும் வளைவுகளுக்கும் படிகளுக்கும் நடுவே ஏறிச் செல்கிறாள். பியானோவின் அடித்தளத்தில் ஒரே மெட்டு சளைக்காமல் திரும்புகிறது. மேலே இசை அடுக்கடுக்காக உயர்கிறது. கட்டடத்தின் பிரம்மாண்டத்தைக் கவிஞர் சொற்களில் அடுக்கினால், ஹிண்டமித் அதை இசையின் அமைப்பாகவே எழுப்பிவிடுகிறார். மரணத்தின் முதல் பகுதியில் மீண்டும் இத்தகைய விடாத அடித்தள மெட்டு வருகிறது. இரண்டாம் பகுதி கருப்பொருளும் மாறுபாடுகளுமாக நடக்கிறது. நேர்மாறாக, வியாகுலப் பாடல் மிகச் சிறியது. இறந்த மகனை மடியில் கிடத்தியிருக்கும் தாய்க்கு இசையும் பேச முடியாமல் தயங்குகிறது. பியானோவில் சில ஸ்வரங்களே.

1923 வடிவத்தின் தனித்தன்மை அதன் கோடுகளில் இருக்கிறது. பியானோவின் வலக்கை ஒரு மெட்டு, இடக்கை ஒரு மெட்டு, குரல் மூன்றாவது. ஒன்று மற்றொன்றுக்குப் பக்கவாத்தியமாகப் பணிந்து நடப்பதில்லை. எர்ன்ஸ்ட் கூர்ட் என்ற சுவிஸ் இசையறிஞர் 1917இல் பாஹின் இசையை இப்படிக் கோடுகளின் ஆற்றலாக விளக்கி எழுதிய நூல் அந்தத் தலைமுறையை ஆட்கொண்டிருந்தது. மெட்டுகள் உரசும்போது எழும் கடுமையை இளம் ஹிண்டமித் மழுப்பவில்லை. பாடல் எந்த ஸ்வரத்தை வீடாகக் கொண்டிருக்கிறது என்று சில இடங்களில் உறுதியாகச் சொல்ல முடியாது. பாடகிக்கும் சலுகை இல்லை. அடுத்த ஸ்வரத்தைப் பியானோவிலிருந்து பிடித்துக்கொள்ளும் வசதி அவளுக்குப் பல இடங்களில் கிடைக்காது. தன் கோட்டைத் தானே காப்பாற்றிக்கொண்டு போக வேண்டும்.

இடைப்பட்ட ஆண்டுகள்

1923க்குப் பிறகு நடந்ததை ஹிண்டமித் 1948 முன்னுரையில் நினைவுகூர்கிறார். பெரிதாக எதையும் எதிர்பாராமல் கொடுத்த இந்தப் பாடல்கள் கேட்டவர்களை ஆழமாகப் பாதித்ததைக் கண்டபோது, இசைக்கு ஓர் அறப்பொறுப்பு உண்டு என்பது தனக்கு உறைத்தது என்கிறார். தன்னால் முடிந்த மட்டும் கொடுத்தது உண்மை. அந்த மட்டும் போதவில்லை என்பது அவர் வாதம்.

அந்த உணர்வு உருப்பெற வருடங்கள் எடுத்தன. 1927இல் பெர்லின் இசைக் கல்லூரியில் ஆசிரியரானார். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் நிலைமை தலைகீழானது. 1934 மார்ச்சில் இசை நடத்துநர் ஃபுர்ட்வாங்லர் நடத்திய ஹிண்டமித்தின் ‘மாதிஸ்’ சிம்பொனி பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆனால் ஆட்சியாளர்களுக்கு அவருடைய பழைய ஓபெராக்கள் கண்ணில் உறுத்தின. மனைவி கெர்ட்ரூட் யூத வேர் கொண்டவர். நவம்பரில் ஃபுர்ட்வாங்லர் செய்தித்தாளில் ஹிண்டமித்துக்காக வாதாடி எழுதினார். பலன் எதிர்மாறாக அமைந்தது. டிசம்பரில் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் மேடையேறித் தாக்கினார். 1936இல் ஹிண்டமித்தின் இசையை நிகழ்த்தத் தடை வந்தது. 1938இல் சுவிட்சர்லாந்து, 1940இல் அமெரிக்கா, அங்கே யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பணி என வாழ்க்கை இடம்பெயர்ந்தது.

‘மரியாவின் வாழ்வு’ திருத்தம் 1936 வாக்கில் தொடங்கியது என்பது கவனிக்க வேண்டிய பொருத்தம். வெளியே ஒழுங்கு குலைந்துகொண்டிருந்த அதே நாட்களில் அவர் இசைக்குள் குலையாத ஒழுங்கைத் தேடினார். 1937இல் வெளியான அவருடைய இசையமைப்புக் கோட்பாட்டு நூல், பன்னிரண்டு ஸ்வரங்களும் சமமானவை என்ற ஷோன்பெர்கின் நிலைப்பாட்டை ஏற்கவில்லை. ஒரு மூல ஸ்வரத்துக்கு மற்ற பதினொன்றும் எவ்வளவு நெருக்கம், எவ்வளவு தூரம் என்பதை ஒலியின் இயற்பியலிலிருந்தே வரிசைப்படுத்தலாம் என்று வாதித்தது. ஐந்தாம் ஸ்வரம் மிக நெருங்கிய உறவு, அடுத்தது நான்காவது. எட்டு ஸ்வர எல்லையைச் சரிபாதியாகப் பிளக்கும் ஸ்வரம் கடைக்கோடி. இந்த வரிசை அவருக்கு வெறும் தொழில்நுட்பக் கருவியாக இருக்கவில்லை. உலகின் அமைப்பே அப்படித்தான் என்று அவர் நம்பினார். வானியலாளர் கெப்ளரை நாயகனாக்கி அவர் எழுதிய கடைசிக் காலத்துப் பெரிய ஓபெராவுக்கு ‘உலகின் இசைவு’ என்றே பெயர்.

1948: ஸ்வரங்களுக்குக் கிடைத்த பொருள்

திருத்திய வடிவத்தில் இந்தக் கோட்பாடு மரியாவின் கதைமேல் வந்து அமர்ந்தது. தொடர் முழுவதற்கும் மைய ஸ்வரம் ‘ஈ’, அது கிறிஸ்து. அதன் ஐந்தாம் ஸ்வரமான ‘பி’ மரியா. நான்காம் ஸ்வரமான ‘ஏ’ வானதூதர்களும் விண்ணுலகும். ‘சி’ முடிவின்மை. ‘ஜி’ இனிய மென்மை. ‘ஈ’யிலிருந்து மிகத் தொலைவில் நிற்கும் ‘பி ஃப்ளாட்’, நம்பிக்கையை ஏற்க மறுக்கும் மனம். இப்படிப் பன்னிரண்டு ஸ்வரங்களுக்கும் பொருள் வகுக்கப்பட்டது. தாய்க்கும் மகனுக்கும் உள்ள நெருக்கம் ஐந்தாம் ஸ்வர உறவாகவும், அவநம்பிக்கை பெருந்தூரமாகவும் ஒலிக்கும். இதன் அழகை மறுக்க முடியாது. இறையியலை இசையின் இடைவெளிகளாக அளந்து வைத்த முயற்சி வேறெங்கும் இவ்வளவு முழுமையாக நடந்ததில்லை என்று சொல்லத் தோன்றும்.

பதினைந்து பாடல்களும் நான்கு பகுதிகளாகத் திட்டமிடப்பட்டன. முதல் நான்கு மரியாவின் சொந்த அனுபவம். அடுத்த ஐந்தில் பல மாந்தர்களும் நிகழ்ச்சிகளும் நாடகமும். அதற்கடுத்த மூன்று அவள் துயரம். கடைசி மூன்றில் ஆட்களும் நிகழ்வுகளும் விலகி, இசை வடிவங்களே பேசுகின்றன. நாடக உச்சம் கானாவூர்த் திருமணம். உணர்ச்சியின் உச்சம் வியாகுலம். முதல் வடிவத்தில் பாடல்களைச் சேர்த்துக் கட்டியது கவிதைகளின் கதையோட்டம் மட்டுமே என்பது ஹிண்டமித்தின் குறை. புதிய வடிவத்தில் இசையே அந்த வேலையைச் செய்கிறது.

குரலின் பகுதி அடியோடு திருந்தியது. மூச்சு விட இடம் கிடைத்தது, தாவல்கள் மென்மையாயின, பியானோ பாடகிக்குத் துணை வந்தது. கடுமையான உரசல்கள் குறைந்து ஒத்திசைவு தெளிந்தது. சில பாடல்கள் அடியோடு புதிதாக எழுதப்பட்டன. சில, பழைய கருப்பொருளை வைத்துக்கொண்டு மற்றவற்றை மாற்றின. உயிர்த்தவரைச் சந்திக்கும் பன்னிரண்டாம் பாடல் மட்டும் இருந்தபடியே இருந்தது.

ஹிண்டமித் இப்படிப் பின்னோக்கிச் சென்று திருத்தியது இதை மட்டுமல்ல. 1926இன் ‘கார்டிலாக்’ ஓபெராவை 1952இலும், 1929இன் ‘நோயெஸ் ஃபொம் டாகெ’ என்ற நகைச்சுவை ஓபெராவை 1954இலும் மாற்றி எழுதினார். தன் இளமையைத் தன் முதுமையின் அளவுகோலுக்குள் கொண்டுவருவது அவருக்கு ஒரு கடமைபோல் ஆகிவிட்டிருந்தது.

கூல்டின் எதிர்வாதம்

பழைய வடிவத்துக்காக மிக உரக்கப் பேசியவர் கனடாவின் பியானோ கலைஞர் க்ளென் கூல்ட். பாஹ் வாசிப்பில் புகழ்பெற்ற அவருக்குக் கோடுகளாக எழுதப்பட்ட 1923 வடிவம் நெருக்கமாக இருந்ததில் வியப்பில்லை. 1976-77இல் சோப்ரானோ ரொக்ஸோலானா ரோஸ்லாக்குடன் அதை ஒலிப்பதிவு செய்தார். இசைத்தட்டோடு வந்த கட்டுரையில் இரண்டு வடிவங்களையும் விரிவாக ஒப்பிட்டு, முதல் வடிவத்தையே உயர்த்திப் பிடித்தார். காதை நம்பி எழுதிய இளைஞரைக் கோட்பாட்டை நம்பிய பேராசிரியர் திருத்தும்போது துணிச்சலும் துடிப்பும் போய்விட்டன என்பது அந்தத் தரப்பின் சாரம்.

இந்த வாதத்தில் ஒரு பகுதியை ஏற்க வேண்டும், ஒரு பகுதியை மறுக்க வேண்டும். 1948 வடிவம் உயிரற்றது என்பது நியாயமில்லை. பாடகிக்குக் கிடைத்த விடுதலை சிறிய விஷயமல்ல. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் தொடரில் குரல் களைத்துவிட்டால், கேட்பவருக்கு எஞ்சுவது பாடகியின் போராட்டம் மட்டுமே. பகுதிகளாகத் திட்டமிட்டதன் பயனும் கேட்கும்போது தெரிகிறது. கானாவூரின் ஆரவாரம் எங்கே இட்டுச்செல்லும் என்பதை இசை அறிந்தே நடக்கிறது.

சிக்கல் அந்த ‘அறிந்தே’யில்தான். கிறிஸ்துவுக்கு ஒரு ஸ்வரம், மரியாவுக்கு ஒரு ஸ்வரம், சந்தேகத்துக்கு ஒரு ஸ்வரம் என்று முதலிலேயே பெயர் எழுதி வைத்துவிட்டால், இசைக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. சூசையப்பர் சந்தேகிக்கும்போதே அந்தச் சந்தேகம் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்தாகிவிட்டது. ரில்கேயின் சூசையப்பருக்கோ அப்படி ஓர் அளவுகோல் இல்லை. கானாவூரில் மகனை உந்திவிடும் தாய், தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய அந்த அற்புதத்தோடு அவன் குருதியும் சிந்தப்படப்போகிறது என்பதைப் பின்னால்தான் உணர்கிறாள். கவிதையின் அதிர்ச்சி முழுவதும் அந்தத் தாமதத்தில் இருக்கிறது. 1923 இசையில் வீட்டு ஸ்வரம் நழுவிக்கொண்டே இருப்பதால், கேட்பவரும் அவளோடு சேர்ந்து தெரியாமல் நடக்கிறார். 1948 இசை, எல்லாம் நடந்து முடிந்த பிறகு அதன் பொருளை உணர்ந்த நம்பிக்கையாளரின் நிலையிலிருந்து அதே கதையைச் சொல்கிறது.

எனவே ஹிண்டமித் குறையென்று கருதி நீக்கியவற்றில் ஒரு பங்கு, கவிதைக்கு நேர்மையாக இருந்த பங்கு. உரசல்களைக் களைந்தபோது தடுமாற்றமும் சேர்ந்து களையப்பட்டது. கவிஞர் ஐயத்தின் பக்கம் நின்று எழுதியதை இசையமைப்பாளர் தெளிவின் பக்கத்துக்கு நகர்த்தினார். இதைப் பிழை என்று சொல்வதைவிட வேறொரு வாசிப்பு என்பதே பொருந்தும். நாட்டையும் தொழிலையும் இழந்து ஊர் ஊராய் மாறிய ஒருவருக்கு, எதுவும் தற்செயலில்லை என்று சொல்லும் இசை தேவைப்பட்டிருக்கலாம்.

கடைசி மூன்று பாடல்களில் தராசு மறுபக்கம் சாய்கிறது. மரியாவின் மரணத்தோடு தெரியாமை முடிகிறது. இனி ஐயத்துக்கு வேலையில்லை. திட்டமிட்ட ஒழுங்கும் தெளிந்த ஸ்வர மையமும் இங்கே கவிதைக்கு இசைவாகவே ஒலிக்கின்றன. வாழ்வைப் பாடும்போது இளைஞரும், வாழ்வு முடிந்த பிறகு முதியவரும் பொருத்தமாகிறார்கள்.

பன்னிரண்டாம் பாடலும் இதற்குச் சான்று. உயிர்த்த மகன், கல்லறையின் வெளிறல் சற்றே ஒட்டிய முகத்தோடு, முதலில் தாயிடம் வருகிறான். இறுகத் தொட்டுக்கொள்ளக்கூட அவசியமில்லாமல் இருவரும் ஆறுகிறார்கள். கவிதைக்குள் அறியாமை அறிதலாக மாறும் இடம் இதுவே. தெரியாதவளின் பக்கம் நின்ற இளைஞரும் தெரிந்தவரின் பக்கம் நின்ற முதியவரும் இங்கே சந்தித்துக்கொள்வதால், எழுதியவர் கால் நூற்றாண்டு கழித்தும் இதில் கைவைக்க வேண்டியிருக்கவில்லை.

இசைக் கலைஞர்களுக்கு இதிலிருந்து ஒரு நடைமுறை விளைவு உண்டு. இறுதித் திருத்தமே ஆசிரியரின் விருப்பம், அதனால் அதுவே செல்லும் என்ற வழக்கமான விதி இங்கே போதாது. எந்த வடிவத்தைப் பாடுவது என்ற முடிவு, மரியாவை எந்த நிலையில் காட்டப்போகிறோம் என்ற முடிவாகவும் ஆகிறது. நிகழ்ச்சி நிரலில் ஆண்டைக் குறிப்பிடாமல் ‘தாஸ் மரியன்லேபன்’ என்று மட்டும் அச்சிட்டால், எந்தக் கதையைக் கேட்கப்போகிறோம் என்பது அவைக்குத் தெரியாது. புதிதாகக் கேட்பவர்களுக்கு 1923 வடிவத்தை முதலில் வைப்பது நல்லது. தெரியாமையின் பாரத்தை ஒருமுறை சுமந்து பார்த்த காதுக்குத்தான், பின்னர் வரும் தெளிவு எவ்வளவு விலை கொடுத்து வாங்கியது என்பது விளங்கும்.